பலகையில் மூன்று வாக்கியம்

விசாரணை அறையில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் சுள்ளிக்கு அன்றைக்கு முதல் கோபம் வந்ததே அந்த நாற்காலிகளைப் பார்த்துத்தான்.

நீள மேசையின் தலைமாட்டில், ஜன்னலுக்கு முதுகு காட்டி, மேனேஜர். அவருக்கு வலப்பக்கம் ஹெச்.ஆர். மேடம், முன்னால் ஒரு ஃபைல், அதன்மேல் மூடி திறக்காத பேனா. இடப்பக்கம் சூப்பர்வைசர். அது சலவை நிறுவனம் என்பதற்கு ஒரே சாட்சிபோல, அவர் சட்டையில் மட்டும் எந்நேரமும் மடிப்பு கலையாமல் இருக்கும். வாசலை ஒட்டி இங்கிலீஷ் டீச்சர். எப்போது வேண்டுமானாலும் எழுந்து ஓடிவிடலாம் என்பதுபோல நாற்காலியின் நுனியில், கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேசையின் கால்மாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. அது சுள்ளிக்கு.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி இருந்திருக்க வேண்டும். விசாரணைக்கு வருகிறவர் துணைக்கு ஒருவரைக் கூட்டி வரலாம் என்று நிறுவனமே விதி வைத்திருக்கிறது. சுள்ளி தன் ஓரகத்தியின் பெயரைக் கொடுத்திருந்தாள். கொழுந்தன் பெண்டாட்டி, ஒரே வீடு, ஒரே அடுப்பு, வேலையிலும் ஒரே மேசை. ஓரகத்தியும் வந்திருந்தாள். ஆனால் சூப்பர்வைசருக்கு அடுத்த நாற்காலியில், தலையைக் குனிந்துகொண்டு, வலக்கையை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு இருந்தாள்.

"என்ன, வழி தெரியாம அந்தப் பக்கம் போயிட்டியா?" என்றாள் சுள்ளி.

"இங்கேதான் உக்காரச் சொன்னாங்க அக்கா."

"சொன்னா? அவங்க மடியில உக்காரச் சொன்னாலும் உக்காருவியா?"

"ஆரம்பிச்சிட்டா பாருங்க சார்," என்றார் சூப்பர்வைசர், மேனேஜர் பக்கம் திரும்பி.

சுள்ளி என்பது அவளுக்கு வேலையிடத்தில் விழுந்த பெயர். உடம்பு காய்ந்த குச்சி மாதிரி. பற்றிக்கொள்வதும் அப்படியே. ஆனால் அவள் காரணமில்லாமல் பற்றிக்கொண்டாள் என்று அந்தச் சலவைக்கூடத்தில் ஒருவரும் சொன்னதில்லை, சூப்பர்வைசரைத் தவிர.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் துணியை வெளுத்துக் கொடுக்கிற நிறுவனம் அது. வண்டியில் மூட்டை மூட்டையாக அழுக்குத் துணி வந்து இறங்கும். விரிப்பு தனி, போர்வை தனி, அங்கி தனி என்று பிரித்துப் போடுவது சுள்ளியின் வேலை. மூட்டையைக் கட்டியிருக்கிற கயிற்றின் நிறத்தைப் பார்த்தால் எந்தப் பிரிவிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். வெள்ளைக் கயிறு சாதாரண வார்டு. சிவப்புக் கயிறு ஆபரேஷன் அறை. சிவப்புக் கயிற்று மூட்டையை எல்லாத் துணியோடும் சேர்த்துக் கொட்டக் கூடாது. அதற்கென்று பின்கட்டில் ஒரு தனி அறை இருக்கிறது. முழங்கை வரை வருகிற தடித்த கையுறை போட்டவர்கள்தான் பிரிக்க வேண்டும். துணிக்குள் எது மாட்டிக்கொண்டு வரும் என்று சொல்ல முடியாது.

சில மாதமாக அந்தத் தனி அறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். ஆள் குறைவு என்று சொல்லி, சிவப்புக் கயிறும் வெள்ளைக் கயிறும் ஒரே மேசைக்கு வந்தன. சுள்ளி வாயால் சொல்லிப் பார்த்தாள். "பாக்கலாம்" என்றார் சூப்பர்வைசர். மறுபடி மறுபடி சொன்னாள். "உனக்கு மட்டும் எப்பப் பாரு ஏதாவது ஒண்ணு" என்றார். அப்புறம்தான் வகுப்பு வந்தது.

வகுப்பை நடத்தச் சொன்னதும் நிறுவனம்தான். சலவை மருந்துக் கேன்களில் எழுதியிருக்கிற எச்சரிக்கையை வேலையாட்கள் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தில் போட்டிருந்தார்கள். அதனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் கேன்டீனில் ஒரு வெள்ளைப் பலகையை நிறுத்தி டீச்சர் பாடம் எடுத்தாள். சுள்ளியைவிட வயதில் சின்னவள். எல்லோரையும் அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். சுள்ளிக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. அன்றைய கோபத்தில் பாதி அதனால் வந்ததுதான்.

"இஸ்ங்கறது ஒரு கொக்கி," என்பாள் டீச்சர். "இந்தப் பக்கம் ஒரு பொருளை மாட்டுங்க. அந்தப் பக்கம் அது என்னன்னு, எப்படி இருக்குன்னு மாட்டுங்க. அவ்வளவுதான். பொருள் ஒண்ணா இருந்தா இஸ். ஒண்ணுக்கு மேல போனா ஆர். ஆர் அப்புறம் பாக்கலாம், முதல்ல ஒண்ணை ஒழுங்காச் சொல்லுவோம்."

டீச்சருக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரும் கற்பனையாக வாக்கியம் சொல்லக் கூடாது. அன்றைக்குக் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும். "இட்டுக்கட்டிச் சொன்னா நாக்கு தடுமாறும், பாத்ததைச் சொன்னா தன்னால வரும்" என்பாள். துவைக்கிற டிரம்மை ஓட்டுகிறவர் எழுந்து த வாட்டர் இஸ் ஹாட் என்பார். இஸ்திரிக்காரர் த டீ இஸ் கோல்ட் என்று கேன்டீன்காரரைப் பார்த்துக்கொண்டே சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். கேன்டீன்காரர் அடுத்த நாள் டீயைச் சூடாகவே கொடுப்பார். வாக்கியத்துக்கு இவ்வளவு வேலை செய்யத் தெரியும் என்று சுள்ளி அங்கேதான் கண்டுகொண்டாள்.

அவள் முறை வந்தபோது பலகையில் மூன்று வாக்கியம் எழுதினாள். த க்ளவ் இஸ் டோர்ன், கையுறை கிழிந்திருக்கிறது. த நீடில் இஸ் இன் த ஷீட், விரிப்புக்குள் ஊசி. மூன்றாவதுக்கு ஒரு சொல் குறைந்தது. "டீச்சர், கண்ணு தெரியாதவருக்கு என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டாள். பாவம் டீச்சர், சுள்ளி புதுச் சொல் சேர்க்கிற ஆசையில்தான் கேட்கிறாள் என்று நினைத்துச் சொல்லிக் கொடுத்தாள். சுள்ளி எழுதி முடித்தாள்: த சூப்பர்வைசர் இஸ் ப்ளைண்ட்.

கேன்டீனே கைதட்டியது. பலகையை யாரும் அழிக்கவில்லை. அன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து மேற்பார்வைக்கு வந்தவர்கள் கேன்டீன் வழியாக நடந்தார்கள், நின்றார்கள், படித்தார்கள். ஒருவர் படமும் எடுத்துக்கொண்டார்.

அந்தப் படத்தின் பிரதிதான் இப்போது ஹெச்.ஆர். மேடத்தின் ஃபைலில் இருந்தது.

"இது உங்க கையெழுத்தா?"

"என் எழுத்துதான். கையெழுத்து கீழே போடல, இடம் இல்ல."

"இதை எதுக்கு எழுதினீங்க?"

"இங்கிலீஷ் கத்துக்கறதுக்கு. நீங்கதான கத்துக்கச் சொன்னீங்க?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். அவர் கத்துகிற மனிதர் அல்ல. கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். அவரோ குழந்தைக்கு மருந்து கொடுப்பதுபோலப் பேசுவார். "பாரும்மா. த க்ளவ்னு எழுதியிருக்கே. ஒரு க்ளவ். ஒண்ணே ஒண்ணு கிழிஞ்சிருக்கும். இத்தனை பேர் வேலை செய்யற இடத்துல ஒண்ணு கிழியாதா? இதுக்குப் போய் ஆஸ்பத்திரிக்காரங்க எங்களை வரச் சொல்லி நிக்க வச்சிக் கேள்வி கேட்டாங்க."

"ஆர் பாடம் எங்களுக்கு இன்னும் வரல சார். வந்திருந்தா மொத்தத்தையும் எழுதியிருப்பேன்."

டீச்சர் சட்டென்று கைப்பையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கினாளா, பயத்தையா என்று தெரியவில்லை.

"இஸ்னா இப்போ இருக்குன்னு அர்த்தம்," என்று இடையில் புகுந்தார் சூப்பர்வைசர். "இப்போ எங்கே இருக்கு நீடில்? காட்டு பாப்போம்."

"நீங்க சூப்பர்வைசரா இருக்கீங்கன்னு சொல்றாங்களே, அதுவும் இந்த நிமிஷத்துக்கு மட்டும்தானா?"

"வாயைப் பாரு! என்னைக் குருடன்னு எழுதியிருக்கா சார், இதுக்கு மேல என்ன விசாரணை?"

"மூட்டையில சிவப்புக் கயிறு தொங்குது. கண்ணு முன்னாடி தொங்குது. நாலு தடவை காட்டியாச்சு. அதைப் பாக்காதவரை வேற என்னன்னு எழுதறது? நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க, அழிச்சிட்டு அதை எழுதறேன்."

ஹெச்.ஆர். மேடம் கையைத் தூக்கினாள். ஃபைலிலிருந்து தட்டச்சு செய்த ஒரு தாளை எடுத்து மேசையில் தள்ளினாள். குரலைத் தாழ்த்தி, தனக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை என்பதுபோலப் பேசினாள். "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. பலகையில எழுதினது வெறும் பயிற்சி வாக்கியம், உண்மைச் சம்பவம் இல்லன்னு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள போட்டுக் கொடுத்தா திங்கக்கிழமை வேலைக்கு வரலாம். இல்லன்னா வேலை நீக்கம்தான், என்னால தடுக்க முடியாது. பயிற்சி வாக்கியம்தான்னு டீச்சரும் சொல்லியிருக்காங்க."

சுள்ளி டீச்சர் பக்கம் திரும்பினாள். நாற்காலி தரையில் கிறீச்சென்றது.

"சொன்னீங்களா?"

"அக்கா... அது பாடம்தானே. பாடத்துல எழுதறதை யாரும் புகார்னு எடுத்துக்க மாட்டாங்க. பயிற்சி வாக்கியம்தான்னு நான்..."

"பாத்ததைத்தான் சொல்லணும்னு சொன்னது யாரு?"

டீச்சர் கைப்பையின் வாரைத் திருகினாள்.

சுள்ளிக்குக் காதுமடல் சுட்டது. மேனேஜர் பொய் சொல்வார், அது அவர் உத்தியோகம். சூப்பர்வைசர் சொல்வார், அது அவர் குணம். அவர்களிடம் உண்மையை எதிர்பார்த்து அவள் வரவில்லை. ஆனால் இந்தப் பெண்? தினமும் பலகை முன்னால் நிற்க வைத்து, உண்மையைச் சொல்லு, தன்னால வரும் என்று கற்றுக்கொடுத்தவள்? வந்த உண்மையை இப்போது அவளே துடைத்துப் போடுகிறாள்.

அவள் ஓரகத்தியின் நாற்காலியைப் பார்த்தாள். "சரி. நான் எழுதினது பொய்னே வச்சுக்கோங்க. ஊசி குத்துப்பட்டவ இங்கேயே உக்காந்திருக்கா. அவளைக் கேளுங்க. ஏய், கையை மேல எடு."

ஓரகத்தியின் கை மேலே வரவில்லை. சூப்பர்வைசர் அவள் பக்கம் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சொல்லும்மா," என்றார் மேனேஜர். "பயப்படாம சொல்லு. கையில என்ன?"

"சேஃப்டி பின்னு சார்," என்றாள் ஓரகத்தி, மேசையைப் பார்த்து. "வீட்டுல. துணி மடிக்கறப்ப."

சுள்ளி எழுந்தாள். அந்தத் தாளைக் கிழிக்கப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்; ஹெச்.ஆர். மேடம் அதைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினாள். சுள்ளி கிழிக்கவில்லை. நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன். படிக்கத்தான் கத்துக் கொடுத்திருக்கீங்களே."

மாடிப்படியில் டீச்சர் ஓடிவந்தாள். "அக்கா, நில்லுங்க. உங்க வேலை போகக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன். சத்தியமா உங்களுக்காகத்தான்."

"எனக்காகப் பொய் சொல்லச் சொல்லி உங்களை யாரு கேட்டா?" சுள்ளி நின்று திரும்பினாள். படிக்கு மேலும் கீழும் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அவளுக்குக் கவலையில்லை. "உங்களுக்கு என்ன டீச்சர்? நாளைக்கு இன்னொரு கேன்டீன், இன்னொரு பலகை. த வாட்டர் இஸ் ஹாட்னு ஆரம்பிச்சிடுவீங்க. நாங்க அந்தத் தண்ணியில கை வைக்கறவங்க."

"அப்போ நான் என்னதான் செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். எனக்குத் துணையா வராதீங்க. நீங்க வந்தாத்தான் பயமா இருக்கு."

டீச்சரின் கண் கலங்கியது. சுள்ளி அதைப் பார்த்தாள். மனது இளகும் என்று ஒரு நொடி காத்திருந்தாள். இளகவில்லை. இறங்கிப் போய்விட்டாள்.

வீட்டில் அவள் வீட்டுக்காரர் சுவருக்கு வண்ணம் அடித்துவிட்டு வந்து, முழங்கையில் ஒட்டியிருந்த பச்சையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு கையெழுத்துதானடி."

"ஆமா. ஒரு ஊசிதான். ஒரு க்ளவ்தான். ஒரு கையெழுத்துதான். எல்லாம் ஒண்ணு ஒண்ணாத்தான் கேப்பாங்க."

"இப்ப என்னதான் பண்ணப் போறே?"

"எழுதப் போறேன்."

"யாருக்கு?"

"விரிப்புல யாரு பேரு போட்டிருக்கோ அவங்களுக்கு."

வருஷக்கணக்காக ஆஸ்பத்திரியின் பெயரையும் தெருவையும் ஒவ்வொரு விரிப்பின் ஓரத்திலும் நீல மையில் பார்த்துப் பார்த்து, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள் சுள்ளி. சமையலறை மேசையைத் துடைத்து, ஈரம் காயும்வரை காத்திருந்து, ஒரு வெள்ளைத் தாளை வைத்தாள். தமிழில், யோசித்து யோசித்து எழுதினாள். பலகையில் எழுதியபோது இருந்த உற்சாகம் இல்லை. கோபம்தான் பேனாவை நடத்தியது. அதனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதிவிட்டு, இது நான் பார்த்ததா, இல்லை என் கோபமா என்று கேட்டுக்கொண்டாள். கோபம் என்று தெரிந்தால் அடித்தாள். கையுறை கிழிந்திருக்கிறது: பார்த்தது. தனி அறை பூட்டியிருக்கிறது: பார்த்தது. மேனேஜர் மோசமானவர்: அடித்தாள். சூப்பர்வைசர் குருடர். இந்த வாக்கியத்தின்மேல் பேனா நெடுநேரம் நின்றது. ரொம்பவும் பிடித்த வாக்கியம் அது. அதையும் அடித்துவிட்டு, சூப்பர்வைசரிடம் காட்டினேன், அவர் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார் என்று எழுதினாள்.

அடுத்த வாக்கியம் ஊசி. ஓரகத்தியின் பெயரை எழுதியதும் கை நின்றது. ஊசியைச் சுள்ளி பார்த்தாள்தான். ஆனால் அது குத்தியிருந்தது அவள் விரலில்.

வேலை முடிந்து ஓரகத்தி வந்தாள். செருப்பைக் கழற்றியவள் உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"எழுதறியா?"

"கண்ணு தெரியலையா?"

"என் பேரு இருக்கா அதுல?"

"இருக்கக் கூடாதா? சேஃப்டி பின்னுல குத்துப்பட்டவள்னு போடறேன், பெருமையா இருக்கும்."

ஓரகத்தி வந்து எதிரே உட்கார்ந்தாள். அவள் சாதாரணமாகக் குரல் உயர்த்துகிறவள் அல்ல. அன்றைக்கு உயர்த்தினாள். "உனக்குக் கோபம் வந்தா நீ பேசிடுவே. பேசிட்டு வந்து நிம்மதியாத் தூங்கிடுவே. நான் அப்படி இல்லக்கா. என்னைக் காலையில கூப்பிட்டு வச்சு ரெண்டு பேரு சொன்னாங்க: ஒரு வீட்டுல ரெண்டு வேலை போனா நல்லாவா இருக்கும்னு. நான் என்ன பண்ணட்டும்? நீயும் வெளியே, நானும் வெளியேன்னு நிக்கவா? உன் துணைக்குன்னு என் பேரைக் கொடுத்தியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

சுள்ளிக்குப் பதில் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. கேட்கவில்லைதான். ஒரே அடுப்பு, ஒரே மேசை, அவளைப் போய் என்ன கேட்பது என்று நினைத்துவிட்டாள். கோபம் தீரவில்லை, ஆனால் அதில் ஒரு பங்கு தன் பக்கமே திரும்பி நின்றது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ரத்தம் சோதிச்சியா?" என்று கேட்டாள் கடைசியில், முறைத்துக்கொண்டே.

"நானே போய்க் கொடுத்துட்டு வந்தேன். முடிவு இன்னும் வரல."

"கம்பெனியில சொல்லாமலா?"

"சேஃப்டி பின்னுக்கு எப்படிச் சொல்றது?"

சுள்ளி தாளை இழுத்தாள். ஓரகத்தியின் பெயரோடு தொடங்கியிருந்த வாக்கியத்தை, எழுத்து தெரியாதபடி, அழுத்தி அழுத்தி அடித்தாள். தாளில் லேசாக ஓட்டை விழுந்தது.

"உன் பேரு இல்ல. போதுமா? போய்ச் சாப்பிடு."

ஓரகத்தி எழுந்து அடுப்பு வரை போனாள். பாத்திரத்தைத் திறந்தாள், மூடினாள். திரும்பாமலே சொன்னாள்: "சும்மா ஊசி இருந்துச்சுன்னு எழுதினா வெறும் பயிற்சின்னு மறுபடி சொல்லுவாங்க. அந்த மூட்டை சிவப்புக் கயிறு. ஆனா கயித்துல ரெட்டை முடிச்சு. ரெட்டை முடிச்சு போடறது மேல் மாடி ஆபரேஷன் அறையில மட்டும்தான், மத்தவங்க ஒத்தை முடிச்சுதான் போடுவாங்க. வந்தது செவ்வாய்க்கிழமை காலை வண்டி. அன்னைக்கு அங்கே யாரு மூட்டை கட்டினாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். எந்த நோயாளி விரிப்புன்னும் தெரியும். எந்த நோய்க்கு என்னைச் சோதிக்கணும்னும் அவங்க சொல்லிடலாம்."

சுள்ளி அவள் முதுகையே பார்த்தாள். "இதை அங்கே சொல்றதுக்கு என்ன கேடு?"

"எழுதறியா, இல்ல அடுப்பை அணைச்சிட்டுப் படுக்கப் போகவா?"

எழுதினாள். ஒரு மூட்டை. அதன் கயிறு சிவப்பு. முடிச்சு இரட்டை. வண்டி செவ்வாய்க்கிழமை காலை வண்டி. விரிப்புக்குள் ஊசி. குத்துப்பட்டவருக்கு எந்தச் சோதனை தேவை என்று உடனே தெரிவிக்கவும். தனி அறையைத் திறக்கச் சொல்லவும். கடைசியில் நிறுவனம் கொடுத்த தாளைப் பற்றி: இதில் கையெழுத்துப் போட்டால்தான் வேலை என்கிறார்கள், நான் போடவில்லை, பலகையில் எழுதியது நான் பார்த்தது. கீழே தன் முழுப்பெயரை எழுதினாள். சுள்ளி என்று அல்ல.

மறுநாள் காலை ஓரகத்தி சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். சுள்ளியும் அவளும் தெருமுனை வரை சேர்ந்து நடந்தார்கள். அங்கே அவள் பேருந்துப் பக்கம் போனாள், சுள்ளி தபால் ஆபீஸ் பக்கம் திரும்பினாள்.

கவுன்டரில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உறையைப் பார்த்தார். "ஒட்டலையேம்மா."

"ஒட்டத்தான் வந்தேன்."

கையெழுத்தில்லாத அந்தத் தட்டச்சுத் தாளைக் கடிதத்தோடு வைத்தாள். பசைக் கிண்ணத்தில் குச்சி இறுகிப்போயிருந்தது. குத்திக் குத்தி அதை விடுவித்து, உறையின் மடிப்பில் ஓரம் விடாமல் தடவி, உள்ளங்கையால் அழுத்தினாள். அந்தக் கவுன்டரே குலுங்குகிற அளவுக்கு அழுத்தினாள்.

"யாரு மேல இவ்வளவு கோபம்?" என்றார் கவுன்டர்காரர்.

"பதிவுத் தபால்," என்றாள் சுள்ளி. "ரசீது வேணும்."

அவர் முத்திரை குத்தி, உறையைப் பின்னால் இருந்த சாக்குப் பைக்குள் போட்டார்.